எழுதினால் உலை கொதிக்குமா?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் எழுதிக்கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர். தங்கமாகக் கொடுத்திருந்தால் வீட்டில் ஒரு கல்யாணத்தோடு தீர்ந்திருக்கும். நிலம் அப்படியில்லை. வருஷா வருஷம் விளையும், விளைகிறவரைக்கும் கவிராயர் கவலையில்லாமல் உட்கார்ந்து எழுதலாம். மன்னர் கொடுத்தது நேரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கதை எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு மேடு கிடைத்ததில்லை. சிறுகதையை நம் ஊரில் வளர்த்தவை பத்திரிகைகள். அந்தப் பத்திரிகைகளை நடத்தியவர்களில் முக்கியமான ஒருவர் இந்தத் தென்காசிக்காரர், டி.எஸ். சொக்கலிங்கம். 1933-இல் மணிக்கொடியைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அடுத்த வருஷமே தினமணிக்கு ஆசிரியர் ஆனார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தனாக மணிக்கொடியில் எழுதினார், தினமணியில் சம்பளம் வாங்கினார். கதைக்கு ஒரு பத்திரிகை, சோற்றுக்கு ஒரு பத்திரிகை. 1943-இல் சொக்கலிங்கம் தினமணியை விட்டு விலகியபோது புதுமைப்பித்தனும் கூடவே வெளியேறினார். பிறகு 'தினசரி' பத்திரிகை, அதன்பின் சினிமா. சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கி 'வசந்தவல்லி' என்று ஒரு படம் எடுக்கப் பார்த்தார். குறவஞ்சி நாயகியின் பெயர்தான் அது. கவிராயருக்கு நிலம் கொடுத்த வசந்தவல்லி இவருக்கு நஷ்டத்தைக் கொடுத்தாள். படம் வெளிவரவேயில்லை. கடைசியில் தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனார், காசநோயோடு திரும்பினார். 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. அவருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது 2002-இல்.

இந்தக் கதையை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள், 'வறுமையிலும் செம்மை' என்று. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த வறுமையை அவர் மட்டுமா சுமந்தார்? புனேயிலிருந்தும் சென்னையிலிருந்தும் மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர். பணம் வரும் வரும் என்று காத்திருந்த அந்த அம்மாள் எழுதாமல் போன கதைகள் எத்தனை என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. புதுமைப்பித்தனோ இந்தக் கஷ்டத்தை அழகுபடுத்தியதே கிடையாது. 'ஒருநாள் கழிந்தது' கதையின் முருகதாசர் வியாபார விளம்பரம் எழுதிப் பிழைக்கிற எழுத்தாளர். கைமாற்றுக் கேட்கிற நேரத்து நாக்குக் கூச்சம் வரைக்கும் அதில் இருக்கிறது.

நான் கதை எழுதுகிறவன். பகலில் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கத்தரிக்காய் மூட்டை கேரளா லாரியில் ஏறியதும் சிட்டையில் எடை, விலை, கமிஷன், சுமைக்கூலி என்று வரிசையாக விழும். மூட்டை தூக்கின அண்ணாச்சிக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கைக்கு வந்துவிட வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அவர் நகரமாட்டார், முதலாளியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எப்போதோ அச்சான கதைக்குச் சன்மானம் உண்டா இல்லையா என்று கேட்பதற்கே எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

நாவலின் கணக்கையும் போட்டுவிடலாம். புத்தகம் 200 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். 500 பிரதி விற்றால் பத்தாயிரம் ரூபாய். மூன்று வருஷம் எழுதிய நாவல் என்றால் மாதம் முந்நூறுகூட வராது. ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கிற பதிப்பாளர் அமைந்தால்தான் இதுவும்.

போன சீசனில் மேலகரத்துத் தம்பி ஒருவர், நல்ல கதைகள் எழுதுகிறவர், என்னைத் தேடி வந்தார். "அண்ணாச்சி, வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேன்" என்றார். பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்த ஒரு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். சாரல் அடிக்கிற ஆனி, ஆடி, ஆவணிதான் வியாபாரம், மற்ற மாதங்களில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறார். "அருவியை நம்பிக் கடை போடலாம், குடும்பத்தை வச்சிரக் கூடாது" என்றார். எழுத்து வருமானமும் அந்தச் சீசன் கடைதான் என்று தம்பியிடம் சொன்னேன்.

வேறு வேலை பார்ப்பதை இரண்டாம்தரமாக நினைக்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கியில் வேலை பார்த்தவர்கள். கி.ரா. விவசாயி. நாஞ்சில் நாடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்பனைக்கு அலைந்தவர். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால் யாருக்காகவும் ஒரு வரியை வளைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் அதற்கும் விலை உண்டு. மண்டியில் நாள் முழுக்க எண்ணோடு மாரடித்துவிட்டு ராத்திரி பேனாவை எடுத்தால், காலையில் மனசில் ஓடிய வாக்கியம் வராது. வேலைக்கும் போய் அடுப்படியையும் பார்க்கிற பெண்களுக்கு அந்த ராத்திரிகூட மிச்சமில்லை. வேலையை விடாதே என்று சொல்வது எனக்குச் சுலபம், அதில் எழுதாமல் போகிற புத்தகங்களும் இருக்கின்றன என்பதைத் தம்பியிடம் மறைக்கவில்லை.

இதற்கு வேறு வழியும் உண்டு. டென்மார்க்கில் 1946-லிருந்தும், பிரிட்டனில் 1979-இல் வந்த சட்டத்தின்படியும், நூலகம் புத்தகத்தை இரவல் கொடுப்பதற்காக எழுத்தாளருக்குப் பணம் போகிறது. வாங்கும்போது ஒருமுறை கிடைக்கிற ராயல்டி போக இது தனி. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது, புதுமைப்பித்தன் இறந்த அதே 1948-இல் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதில் ஒரு சிறு பங்கு, படிக்கப்படுகிற புத்தகத்தை எழுதியவருக்குப் போனால் என்ன? மன்னர் தயவில் கிடைத்த மேடு ஒருவருக்குத்தான். இது சட்டமாக வந்தால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

தம்பி வேலையை விடவில்லை. விடிகாலையில் எழுந்து எழுதுகிறார். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பொன்னாடையை வாங்குவதற்கு முன்னால் பஸ் செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, கடைசிப் பக்கத்தில் முகவரிக்குக் கீழே வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.