அப்பா என்ன வேலை செய்தவர்?

கிளாஸ்கோவில் மழை விடாத ஒரு ஞாயிறு பின்னேரம், நானும் மகளும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'வட்ஸ் மை லைன்?' என்பது அதன் பெயர். 'என் தொழில் என்ன?' என்று தமிழில் சொல்லலாம். அன்று நாங்கள் பார்த்த பகுதியில் வந்த விருந்தினர் கில்ட் தைப்பவர். அதற்காகவே மகள் அதைத் தேடி எடுத்திருந்தாள். கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட விழாவிலும் கில்ட் கட்டிய ஆண்களைப் பார்த்து வளர்ந்த ஸ்கொட்லாந்துப் பிள்ளை அவள்.

பார்த்து முடிந்ததும் கேட்டாள்: "அப்பா, அப்பப்பா இதில வந்திருந்தா என்ன வேலையெண்டு போட்டிருப்பினம்?"

"கணக்கு வாத்தியார்" என்றேன். நான் சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த நிகழ்ச்சி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1950 பெப்ரவரி முதல் 1967 செப்டம்பர் வரை நடந்தது. விருந்தினர் உள்ளே வந்து பலகையில் தன் பெயரை எழுதுவார். நெறியாளர் ஜோன் டேலியின் பக்கத்தில் அமர்வார். அவருடைய தொழில் அரங்கில் இருப்பவர்களுக்கும் வீட்டில் பார்ப்பவர்களுக்கும் காட்டப்படும். எதிரே மாலை விருந்துக்குப் போவதுபோல் உடுத்தியிருக்கும் நால்வருக்கு மட்டும் தெரியாது. ஆர்லீன் பிரான்சிஸ், டொரதி கில்காலன், பெனட் சேர்ஃப் ஆகியோர் அந்த வரிசையில் நெடுங்காலம் இருந்தவர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டுமே அவர்கள் கேட்கலாம். ஒவ்வோர் இல்லைக்கும் விருந்தினருக்கு 5 டொலர். பத்து இல்லை வந்துவிட்டால் 50 டொலரோடு ஆட்டம் முடியும்.

கில்ட் தைப்பவர் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்த விருந்தினர். அவர் செய்யும் பொருள் உடுப்பா என்றால் ஆம். பாவாடை போன்றதா என்றால் அதையும் மறுக்க முடியாது. அப்படியானால் பெண்கள் உடுப்பதா என்று கேட்டால் எங்கே நின்று பதில் சொல்வது? விடை தெரிந்தவர்களின் சிரிப்பு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. 'ஆம்' என்ற சொல் குழுவைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும் என்று பட்டால், டேலி விருந்தினரின் காதோடு ஏதோ பேசி, நீளமாக ஒரு விளக்கம் கொடுப்பார். மறைக்கலாம், ஏமாற்றக்கூடாது. அந்த விளையாட்டின் அறம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இந்த அறம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் 9 வருடம் கணிதம் படிப்பித்தவர். 1986இல் லண்டனுக்கு வந்தார். அதன்பிறகு 22 வருடம் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் "ஒரு கொம்பனியில் வேலை" என்று மட்டும் இருந்தது. அதில் பொய் இல்லை. அவர் இறந்தபோது மரண அறிவித்தலை எழுதியவன் நான். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட, முன்னாள் கணித ஆசிரியர். அதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் 9 வருடத்தை எழுதி 22 வருடத்தை விட்டுவிட்டேன்.

எழுதி முடித்த பிறகு அம்மாவிடம் கேட்டேன், லண்டன் வேலையையும் ஒரு வரியில் சேர்ப்போமா என்று. "அந்த மனுசன் ஊருக்குச் சொல்லாததை நீ ஏன் இப்ப பேப்பரில சொல்ல வேணும்?" என்றார் அம்மா. எனக்கு அது வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

உண்மைகளை மட்டும் சொல்லி ஓர் ஆளை மறைத்தால் அது பொய்யா? கில்ட் தைப்பவரும் அரைமணி நேரத்தில் ஒரு பங்கு தன் தொழிலை மறைத்துக்கொண்டுதான் இருந்தார். அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் மறைப்பு எப்போது முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். குழு கண்டுபிடிக்கும், அல்லது டேலி சொல்லிவிடுவார். கைதட்டல் கேட்கும். விருந்தினர் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போவார். கண்டுபிடிக்கப்படச் சம்மதித்தவனின் மறைப்பு விளையாட்டு. நான் எழுதிய அறிவித்தலில் அந்தச் சம்மதம் இல்லை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

ஆனால் அம்மா சொன்னதையும் எளிதில் தள்ள முடியாது. அந்தப் பலகையில் விருந்தினரே வந்து தன் கையால் பெயர் எழுதுகிறார். அவருக்காக இன்னொருவர் எழுதுவதில்லை. அப்பா வெளியே சொல்லாத ஒன்றை, அவர் மறுக்க முடியாத நாளில் நான் சொல்வதும் ஒரு வகையில் திருட்டுத்தான். உண்மை என்பதற்காக எல்லா உண்மையும் எனக்குச் சொந்தமாகிவிடாது.

அந்த நிகழ்ச்சியில் இன்னொன்றும் என்னை உறுத்தியது. புகழ்பெற்ற நடிகர் ஒருவர் வரும்போது குழுவினர் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள். முகத்தைக் கண்டால் ஆள் தெரிந்துவிடும். மற்ற விருந்தினர்களுக்குக் கண்கட்டுத் தேவையில்லை. திறந்த கண்ணுக்கும் அவர்கள் யாரென்று தெரியாது. ஆரம்ப வருடங்களில் விருந்தினர்கள் குழுவின் முன்னால் நடந்துபோக வேண்டியிருந்தது. கைகளைக்கூடப் பார்ப்பார்கள். அப்பாவின் கைகளை அவர்கள் பார்த்திருந்தால் ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். துப்புரவுத் திரவம் அரித்து, விரல் மடிப்புகள் வெடித்திருக்கும். எங்கள் சனம் அந்தக் கைகளைக் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் பிடித்துக் குலுக்கியிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் அவரை "மாஸ்ரர்" என்றே கூப்பிட்டார்கள். அது மரியாதையா, இரக்கமா, அல்லது அவர்களுடைய கைகளைப் பற்றி அவரும் கேட்கக்கூடாது என்ற ஒப்பந்தமா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நம்மிடமும் கேட்டுக் கேட்டு ஆளை நெருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. எவ்விடம்? அங்கை எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கையோ கிழக்கையோ? ஆற்றை பகுதி? தொழில் கேட்பதுபோல் தொடங்கி, நான்காவது கேள்வியில் சாதியைத் தொட்டுவிடும். விடை கிடைத்ததும் கேட்டவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைதட்டலும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். இந்தக் கேள்விகளுக்கு நடுவில் வளர்ந்த ஒருவர் "கொம்பனியில் வேலை" என்று எழுதியதை அவருடைய தனிப்பட்ட கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எந்த வேலைக்குக் கைதட்டல் என்பதை வேலை தீர்மானிப்பதில்லை. 1746இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் போட்டது. ஸ்கொட்லாந்தில் ஆண்கள் ஹைலண்ட் உடுப்பு உடுத்தினால் 6 மாதச் சிறை. இரண்டாம் தடவை பிடிபட்டால் 7 வருட நாடுகடத்தல். அரசனின் படையில் இருந்த ஹைலண்ட் சிப்பாய்க்கு மட்டும் தடையில்லை. 1782இல்தான் சட்டம் நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அவரே கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். வரவேற்பை ஒழுங்குசெய்தவர் வோல்ட்டர் ஸ்கொட். 76 வருடத்துக்குள் சிறைக்குரிய உடுப்பு அரச உடுப்பாகிவிட்டது. நியூயோர்க் அரங்கில் கில்ட் தைப்பவருக்குக் கிடைத்த கைதட்டலில் அந்த மன்னருக்கும் ஒரு பங்கு உண்டு. துப்புரவு செய்பவரின் துடைப்பத்தை எந்த மன்னரும் இன்னும் தூக்கவில்லை.

வேலையின் உள்ளே போய்ப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. முழு அளவான கில்ட்டுக்கு ஏறக்குறைய 8 யார் துணி போகும். ஒவ்வொரு மடிப்பையும் கட்டங்கள் குலையாமல் பொருத்தி, இடுப்பை நோக்கி ஒடுக்கிக் கையால் தைக்கிறார்கள். உள்ளே மிஞ்சும் துணியை வெட்டி, கித்தான் வைத்து, மேலே உட்துணி போட்டு மூடிவிடுவார்கள். நன்றாகத் தைத்திருந்தால் தையல் தெரியாது. ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் அப்பா என்னைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையை எட்டு வடிவில் துடைத்தபடி, கதவை நோக்கிப் பின்னால் நடக்கச் சொல்லித் தந்தார். "உன்ர கால்தடம் ஒண்டும் மிஞ்சக் கூடாது. அதுதான் வேலை" என்றார். கணக்குப் படிப்பித்த அதே குரல். வெட்கம் அந்தக் குரலில் இருக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தபோது, விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்ட வகுப்புத் தோழனுக்கு நான் வேறு கதை சொன்னேன்.

ஆகவே நான் வந்து சேரும் இடம் இது. அப்பா மறைத்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவருடைய மறைப்பை என் வெட்கத்துக்குப் போர்வையாக எடுத்துக்கொண்டது என் குற்றம். அம்மாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை. மறுப்பையே கேட்டுப் போனேன்.

அந்த ஞாயிறு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மகளிடம் சொன்னேன்: "அப்பப்பா லண்டனில இரவில கிளீனிங் செய்தவர். 22 வருசம்."

"தெரியும்" என்றாள். "அப்பம்மா எப்பவோ சொன்னவ."

பேப்பரில் போடாதே என்று சொன்ன அம்மா, பேத்திக்குச் சொல்லியிருக்கிறார். மகள் அவ்வளவு நேரமும் விடை தெரிந்த பார்வையாளர் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நாற்காலியில் இருந்தது நான்.

"அப்ப ஏன் வாத்தியார் எண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டாள். ஆம், இல்லை என்று சொல்லித் தப்பக்கூடிய கேள்வியல்ல அது. அன்று இரவுதான் இதை எழுதத் தொடங்கினேன்.