நொய்யல் என்னும் வகுப்பறை

"வரலாறு படிச்சா என்னங்கண்ணு வேலை கிடைக்கும்?" என்று கேட்காத மாமா கொங்குநாட்டில் அரிது. அதோடு நிலைத்த வளர்ச்சியையும் சேர்த்துப் படிக்கிறேன் என்றால் இன்னும் குழம்பிப்போவார். அவரை நொய்யல் கரைக்கு அழைத்துப் போகலாம்.

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. கரையிலுள்ள கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கினார்கள், கல்மணி செய்தார்கள். அதே ஆற்றில் பாசனத்துக்காக 1992-ல் எழுந்தது ஒரத்துப்பாளையம் அணை. தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. தண்ணீருக்காகக் காத்திருந்த உழவர்களே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வழக்காடினார்கள் (அணை கட்டிய ஊரில் இப்படியும் நடக்கும்). கழிவுநீர் வெளியேற்றத்தை அறவே நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றாடக் கூலிக்காரர்களின் அடுப்பும் அணைந்தது.

வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காத வளர்ச்சி வேண்டும் என்று 1987-லேயே ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் சொல்லிவிட்டது. அணை அதற்குப் பிறகு வந்ததுதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று ஆய்வகம் சொல்லும். லாபம் யாருக்குப் போனது, உப்பேறிய கிணறு யாருக்கு மிஞ்சியது என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களையும், பொதுப்பணித் துறைக் கோப்புகளையும், அணைக்கு அருகிலுள்ள சென்னிமலைப் பக்கத்துப் பெரியவர்களின் நினைவுகளையும் புரட்ட வேண்டும். அது வரலாற்று மாணவரின் வேலை.