பிரித்தெடுத்த அரசின் கடன்

பெற்றோரிடமிருந்து ஒரு பிள்ளையைப் பிரித்து இல்லத்தில் சேர்க்க உத்தரவிடும் அதிகாரத்தை, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மாவட்டந்தோறும் அமைந்த குழந்தைகள் நலக் குழுவுக்கு அளித்துள்ளது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட அக்குழுவே, பெற்றவரால் காக்க இயலாத, அல்லது பெற்றவராலேயே துன்புறுத்தப்பட்ட பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இந்த அதிகாரத்தோடு வரும் செலவை யார் சுமப்பது, எதுவரை சுமப்பது என்னும் கேள்வி, கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களின் தமிழ்க் கூலிக் குடும்பங்களை வைத்துப் பார்க்கும்போது வெறும் கணக்குக் கேள்வியாக நிற்பதில்லை.

நெடுங்காலம் இது தருமமாகவே கருதப்பட்டது. மதச் சபைகளும் செல்வர்களும் அநாதை இல்லம் நடத்தினர். அரசு மானியம் கொடுத்து, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மேற்பார்வை பார்த்தது. தருமம் செய்பவரைப் போற்றலாம், செய்யாதவரை வற்புறுத்த இயலாது. ஆனால் அரசே தன் உத்தரவால் ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. காப்பாரற்றவர்க்கு அரசே பெற்றோர் என்னும் சட்டக் கோட்பாட்டைச் சொல்லித்தான் அந்த அதிகாரம் நியாயப்படுத்தப்படுகிறது. பெற்றோரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர், பெற்றோரின் கடமைக்கு மட்டும் கையில் பணமில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

தலைக்கு இவ்வளவு என்று மானியம் தரும் முறையிலேயே ஒரு தீங்கு உள்ளது: பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டவே அது இல்லங்களைத் தூண்டும். 2014 மே மாதம், பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வட கேரள அநாதை இல்லங்களுக்கு அழைத்து வரப்பட்ட 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ரயில்வே போலீசார் பாலக்காடு ரயில் நிலையத்தில் தடுத்து நிறுத்தினர். கடத்தல் என்று வழக்குப் பதிவாயிற்று. பின்னர் விசாரித்த சிபிஐ, படிப்புக்காகவே அழைத்து வந்தனர், கடத்தல் இல்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. நோக்கத்தில் குற்றமில்லை என்றே கொண்டாலும், சொந்த ஊரில் பள்ளிக்கும் சோற்றுக்கும் வழியிருந்தால் அந்தப் பிள்ளைகள் நாட்டின் மறுகோடிக்கு ரயிலேறியிருக்க வேண்டியதில்லை என்பதை மறுக்க முடியாது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த கொடுமைகளை முன்னிட்டு எழுந்த வழக்கில், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இல்லத்துக்கு வெளியே மாற்று வழிகளைத் தேடுமாறு வலியுறுத்தியது.

அதற்குரிய வழி ஏட்டில் உண்டு. மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்னும் விகிதத்தில் செலவைப் பகிரும் மிஷன் வாத்சல்யா திட்டம், பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தருகிறது. ஆனால் கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இடுக்கி மாவட்டத்து மூணாறிலோ வண்டிப்பெரியாறிலோ தேயிலை கிள்ளும் பெண்ணின் நாள் கூலி 400 ரூபாய்க்கு மேல். மாதம் இருபது நாள் வேலை கிடைத்தாலே ஆண்டுக்கு 96,000 ரூபாய் ஆகிவிடும். கணவனை இழந்து, தோட்டக் குடியிருப்பான லயத்தின் ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவளும் இந்தக் கணக்கில் வசதியுள்ளவள் ஆகிவிடுகிறாள். உதவி மறுக்கப்பட்ட அவளுக்குப் பிள்ளையை விடுதியில் விடுவது ஒன்றே வழி. வறுமைக்காகப் பிள்ளையைப் பிரிப்பது, எந்த இல்லத்தில் எவ்வளவு நன்றாக வளர்த்தாலும், அநீதியே.

எனினும் வீடே பாதுகாப்பற்றதாகி, அங்கு இருக்க இயலாத பிள்ளைகளும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில் வாளையாரை அடுத்த அட்டப்பள்ளத்தில் 2017 ஜனவரி 13 அன்று 13 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் தூக்கில் இறந்து கிடந்தாள். மார்ச் 4 அன்று அதே வீட்டில் அவளுடைய 9 வயதுத் தங்கையும் அவ்வாறே கிடந்தாள். இடைப்பட்ட ஐம்பது நாளில் அந்தச் சின்னவளுக்குக் காப்பிடமும் எட்டவில்லை, உளநலத் துணையும் எட்டவில்லை. இத்தகைய பிள்ளைக்குச் சோறும் பாயும் கொடுத்தால் மட்டும் போதாது. அச்சத்தில் வாயடைத்துப்போன பிள்ளை, பயிற்சி பெற்ற ஒருவரிடம் மாதக்கணக்கில் பழகி, மெல்லப் பேசத் தொடங்குவதே சிகிச்சை. 100 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் வகுத்துள்ள ஆலோசகர் எண்ணிக்கை 2 மட்டுமே. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கான நிர்பயா இல்லங்களில் நெடுநாள் தங்கும் பெண் பிள்ளைகளைத் திருச்சூர் ராமவர்மபுரத்தில் ஒரே இல்லத்தில் சேர்க்கக் கேரள அரசு 2020-இல் முடிவெடுத்தது. ஒரே இடத்தில் வசதிகளைக் குவிப்பதில் சிக்கனம் உண்டுதான். ஆனால் இடுக்கியின் தேவிகுளத்து மலையில் தமிழே பேசி வளர்ந்த பிள்ளை, மலையாளத்தில் கேட்கப்படும் கேள்விக்குத் தனக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் சொல்லும்?

ஒருவருக்குச் செலவிடும் தொகையில் பத்துப் பேரைப் பள்ளிக்கு அனுப்பலாமே என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கது அன்று. பொதுப்பணம் அளவுக்குட்பட்டது, ஒதுக்கீடு செய்வோர் எண்ணிக்கையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் அந்தப் பத்துப் பேரை அவர்கள் வீட்டிலிருந்து எடுத்தவர் எவருமில்லை. இந்த ஒரு பிள்ளையை எடுத்தது அரசு. வாக்களித்துப் பெற்ற கடனைத் திருப்பும் முன் தானத்துக்கு முந்துவது அறமாகாது.

ஆகவே வருமான வரம்பைத் தோட்டக் கூலிக்கு ஏற்ப உயர்த்துவதும், பாலக்காடு, இடுக்கி மாவட்டக் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழ் பேசும் உளநல ஆலோசகரை நிரந்தரப் பணியில் அமர்த்துவதும், அதற்கான தொகையை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தனித் தலைப்பில் ஒதுக்குவதும் திருவனந்தபுரத்தின் கடமை. அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு எல்லைப்புறத் தமிழரின் வாக்கைப் பெற்றுச் சட்டமன்றம் சென்றவர்களுக்கு உண்டு.