இருளை அளத்தல்

உணரப்படாத இழப்பை இழப்பெனக் கொள்ளலாமா? அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இது, இரவு வானின் ஒளிர்வை அளக்கும் சிறு கருவியொன்றினால் இன்று புதுக்கூர்மை பெற்றுள்ளது.

கையடக்கமான அக்கருவியை உச்சிவானை நோக்கிப் பிடித்தால், அதனுள் அமைந்த சிலிக்கன் ஒளியுணரி தன்மீது விழும் ஒளியை மீடிறனாக மாற்றும். அதிலிருந்து, ஒரு சதுர வில்செக்கன் பரப்புக்குரிய ஒளித்தரம் எண்ணாகப் பெறப்படும். எண் பெருகப் பெருக வானம் இருண்டதாகும். செயற்கையொளி தீண்டாத வானில் அது ஏறத்தாழ 22. பெருநகர் வானில் 18 அல்லது அதனினுங் குறைவு. இந்நான்கு அலகு வேறுபாடு சிறிதன்று. ஏறத்தாழ நாற்பது மடங்கு ஒளிமிகுதியைக் குறிப்பது.

மனிதக் கண்ணோ இதற்கு நல்ல சாட்சியன்று. மங்கிய வானின்கீழ்ப் பிறந்தவன் அதுவே வானெனக் கொள்கிறான். மனித குலத்தில் மூன்றிலொரு பங்கினர்க்குத் தம் வாழிடத்திலிருந்து பால்வீதி தென்படாதென 2016இல் வெளிவந்த உலக வரைபடத் தொகுதி காட்டிற்று. அவர்களுட் பலர் அதற்காக ஏங்குவதுமில்லை. இன்ப துன்பங்களை நிறுத்து அறத்தைத் துணியும் பயன்வாதம் இங்கே இடர்ப்படுகின்றது. ஏக்கமில்லாதவிடத்து அதன் தராசிலே இடுவதற்கு எதுவுமில்லை. கருவி காட்டும் எண்ணோ எவருடைய ஏக்கத்தையும் வேண்டி நிற்பதில்லை.

2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணாற் கண்ட விண்மீன்களைத் திரட்டிய ஆய்வொன்று, வானொளிர்வு ஆண்டுதோறும் ஏறத்தாழ 9.6 சதவீதம் பெருகுவதாக 2023இல் அறிவித்தது. இவ்வேகத்தில், 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை, பதினெட்டு வயதில் அங்கே ஏறத்தாழ 100 விண்மீன்களையே காணும். தனியொரு கண் உணராததைப் பல கண்கள் கூடி உணர்ந்துள்ளன என்பதும் கருதத்தக்கது.

எனினும், இருளைத் தன்னளவில் நன்மையென்று போற்றுவது பேதைமை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஒளியடக்கப்பட்டிருந்தபோது, மௌண்ற் வில்சன் தொலைநோக்கியினூடே வோல்ற்றர் பாடே அந்திரொமேடாவின் மையப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியே பிரித்தறிந்தார். விண்மீன்கள் இருவகையின என்னும் அவரது முடிவு 1944இல் வெளியாயிற்று. வானியலுக்கு வாய்த்த அந்த இருள், கீழே வாழ்ந்தவர்க்குக் குண்டுவீச்சின் அச்சமாக இருந்தது. இரவில் வேலைமுடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கு ஆடம்பரமன்று. ஆயின், அவள் காலடிக்கு வேண்டிய ஒளி வானை நோக்கிப் பாய்வது அவளுக்காகவா? அரிசோனாவின் பிளாக்ஸ்டாவ் நகரம் விளம்பரத் தேடொளிகளை 1958இலேயே சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. அங்கே தெருவிளக்குகள் இன்றும் எரிகின்றன, மறைப்பிடப்பட்டு, நிலத்தை நோக்கி.