எந்தத் தெரு?

எங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரி நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அறுபத்தெட்டு வயசு வரை என் அம்மா கடலைப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் சென்னைத் தோழர்கள் நம்புவதில்லை. நடவு, களையெடுப்பு, அறுப்பு, அது இல்லாத மாசத்தில் பீடித்தட்டு. இதில் கடல் எங்கே வரும்? போன பள்ளி விடுமுறையில் என் அண்ணன் மகள், நாலாம் வகுப்பு முடித்தவள், திருவள்ளுவர் சிலையைப் பார்த்தே ஆகணும் என்று அடம் பிடித்தாள். அந்தச் சாக்கில் அம்மாவும் பார்க்கட்டும் என்று வாடகைக்குக் கார் பிடித்தேன். அம்மா, சித்தி, அந்தப் பிள்ளை, நான். நாலு பெண்கள்.

முட்டுவலிக்காரியை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது, அதனால்தான் கார் என்று வெளியே சொன்னேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது. நம்ம தெருவிலிருந்து ஒரு குடும்பம் கார் வைத்து ஊர் சுற்றிப் பார்க்கப் போவதை ஊர்க்காரர்கள் பார்க்கட்டுமே. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் திமிர். அந்தப் பெயரில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விடியக்காலம் நாலு மணிக்கு டிரைவர் போன் பண்ணி, உள்ளே வழி தெரியாது, மெயின் ரோட்டுக்கு வந்துருங்க என்று சொல்லிவிட்டான். இருட்டில் நடந்துபோய் ஏறினோம். நாய்கள் மட்டும் பார்த்தன.

டிரைவர் நல்ல பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப் போவதைப் படித்துவிட்டு அவனை ஒரு வில்லனாக நினைத்துவிடக் கூடாது. இருபத்தஞ்சு வயசு இருக்கும். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து முன்சீட்டில் உட்கார வைத்தான். கண்ணாடியை எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு இறக்கினான். நாங்குநேரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கேட்டான்: "அம்மா, உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?"

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது விலாசம் கேட்பது இல்லை. சாதியை நேரே கேட்பது நாகரிகம் இல்லை என்று ஆனபிறகு கண்டுபிடித்த நாகரிகமான கேள்வி. அவனுடைய சாதி என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றின் நிறமே சொல்லிக்கொண்டிருந்தது.

பதினைந்து வருஷமாக மேடை மேடையாக, கேட்டால் தலைநிமிர்ந்து சொல் என்று பேசி வருகிறவள் நான். பின்சீட்டில் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா, "கோயில் தெருய்யா" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கோயில் தெரு எங்கள் ஊரில் அம்மா சாணி அள்ளிய தெரு. குடியிருந்த தெரு இல்லை.

அண்ணன் மகள் சடக்கென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் வண்டி நாங்குநேரியைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் இங்கேதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தங்களோடு படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகுதான் அரசு, நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டது. பள்ளியில் சாதிக்கயிறு கட்டக் கூடாது என்பதும் 2024இல் அவர் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று. அம்மாவுக்குக் குழுவும் தெரியாது, அறிக்கையும் தெரியாது. வெட்டு தெரியும். அவள் ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டால் எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான்: யோசிக்க வேண்டியதையெல்லாம் அவள் ஏற்கெனவே யோசித்து முடித்தவள்.

பதில் கிடைத்ததும் பையன் இளகிவிட்டான். அதுவரை 'அம்மா' என்றவன் அதன் பிறகு 'ஆச்சி' என்றான். வள்ளியூர் தாண்டி டீக்கு நிறுத்தினபோது, சித்தி கட்டிக்கொண்டுவந்த இட்லியையும் மிளகாய்ப் பொடியையும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அம்மாவுக்குக் கொடுத்தான். அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடனைப் பற்றிப் பேசினான். வண்டி முதலாளி கொடுக்கிற சம்பளம், தூங்க முடியாத ராத்திரிகள், எல்லாம் பேசினான். காவல்கிணற்றுப் பக்கம் காற்றாடிகளைக் காட்டி, பிள்ளைக்கு அது எப்படிக் கரண்ட் எடுக்கிறது என்று பொறுமையாகச் சொன்னான். அதே குரலில், அதே சிரிப்போடு, இப்படியும் சொன்னான்: "இப்பல்லாம் அவனுகதான் ஆச்சி கார் புடிச்சிப் போறானுக. நம்மள மாதிரி ஆளுக்குத்தான் வழி இல்ல."

அம்மா, "ஆமாய்யா" என்றாள்.

பொய் ஒரு சொல்லோடு முடிவதில்லை என்பதை அங்கேதான் கண்டேன். அதற்கு நாள் முழுக்கத் தீனி போட வேண்டியிருக்கிறது. நம்மைத் திட்டுவதைக் கேட்டு நாமே ஆமா போட வேண்டியிருக்கிறது.

சூரிய உதயம் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு உதயமும் அஸ்தமனமும் ஒன்றுதான். "இம்புட்டா?" என்றாள். அவ்வளவுதான். படித்துறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். அலை முழங்கால் வரை ஏறினபோது சித்தியைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி சத்தம் போட்டாள். என் வாழ்நாளில் அம்மா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது, காலையில் அந்தப் பொய் மட்டும் இல்லையென்றால் இது கிடைத்திருக்குமா என்றுதான் நினைத்தேன். கிடைத்திருக்கலாம். பையன் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிவந்திருக்கலாம். தெரியாது. இந்தத் 'தெரியாது' என்பதில்தான் நம் ஆட்களின் வாழ்க்கை பாதி கழிகிறது.

இந்த முனையும் எல்லாருக்கும் திறந்து கிடந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்ப் பக்கம். அந்தச் சமஸ்தானத்தில்தான் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-25இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. அங்கேயும் 'எந்தத் தெரு' என்பதுதான் பிரச்சினை. 1925இல் இங்கே வந்த காந்தியையே, கடல் கடந்து சீமைக்குப் போனவர் என்று குமரியம்மன் கோயிலின் உட்பகுதிக்குள் விடவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற அம்மனுக்குக் கடல் தீட்டு! 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

அப்புறம் சிலை. 2000 ஜனவரி 1இல் திறந்தது. 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு. மேலே நிற்கிற 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்கு 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் போட்டுவிட்டார்கள். அதில் நடக்க அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளைதான் ஓடினாள். எனக்கு ஓடிய எண்ணம் வேறு. வாய்மை முப்பதாவது அதிகாரம். அப்படியானால் அது இந்தப் பீடத்துக்குள்தான் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் இரண்டாவது குறள், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த குறள், தன் மனசுக்குத் தெரிந்தே பொய் சொன்னால் அந்த மனசே சுடும் என்கிறது. எம்.ஏ. வகுப்பில் இரண்டையும் பரிமேலழகரோடு சேர்த்து மனப்பாடம் பண்ணினோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாடகைக் கார் நிற்க முடியும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. (வள்ளுவர் என்ற சாதி இன்றும் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்று. 133 அடி உயரத்தில் நிற்பவரை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.)

கரைக்குத் திரும்பி வந்தால் அம்மாவைக் காணோம். தேடிப் பார்த்தால், நடைபாதை கூட்டுகிற ஒரு பெண்ணோடு நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டிருக்கிறாள்: "உங்களுக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?" அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். தெருப் பெயர், சாதி, அப்பா என்ன வேலை பார்த்தார், எல்லாம். கேள்வி ஒன்றுதான். கேட்டவர் வேறு. நாங்கள் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா ஒரு சொந்தத்தைப் பார்த்துவிட்டாள்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் வாசலில் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று அதில் வாதாடினார். அவர் மறுத்தது பிரெஞ்சுக்காரரான கான்ஸ்டன்ட் சொன்னதை. உண்மையைப் பெறுவதற்கு உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லக் கடமை உண்டு என்பது கான்ஸ்டன்ட் கட்சி. அம்மா எழுதப் படிக்கத் தெரியாத கான்ஸ்டன்ட். கூட்டுகிற பெண்ணுக்கு உரிமை இருந்தது, டிரைவருக்கு இல்லை.

இவ்வளவு சுலபமாக முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை. எங்கள் டிரைவர் கொலைகாரன் இல்லை. எங்களை நம்பி எங்கள் கையால் சாப்பிட்டான், கடனைச் சொன்னான். தெரிந்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டானோ என்னவோ. அவனை ஏமாற்றினோமா? இதைப் பல நாள் யோசித்தேன். தீண்டாமை பார்க்க ஒருவனுக்கு உரிமை இல்லை, அரசியல் சட்டம் 17ஆம் பிரிவிலேயே ஒழித்துவிட்டது. இல்லாத உரிமையை நாங்கள் எப்படிப் பறிக்க முடியும்? அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை.

அம்பேத்கரும் பெயரை மறைத்திருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது, தங்க இடம் இல்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். 1934இல் முப்பது பேர் போல, இயக்கத் தோழர்களோடு சுற்றுலா போனார். ஆமாம், சுற்றுலாதான். வேரூள் குகைகளைப் பார்க்க. வழியில் தொல்லை வேண்டாம் என்று, யார் என்று வெளியே தெரியாமல் போவதாகத்தான் திட்டம். தௌலதாபாத் கோட்டை வாசலில் புழுதி போகக் குளத்தில் முகம் கழுவியிருக்கிறார்கள். குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் கிழவர் கத்திக்கொண்டு வந்தார், கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லி, ஆயுதம் தாங்கிய ஒரு ஆளைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். 1927இலேயே மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர் அவர். அவரைக் கோழை என்று யாராவது சொல்ல முடியுமா? போராட்டத்துக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். ஊர் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போனார். ஒரு மனுஷனுக்கு எல்லா நாளும் மகத் நாளாக இருக்க முடியாது. பிறகு அவரே உட்கார்ந்து, இப்படி மறைத்தேன், இப்படிப் பிடிபட்டேன் என்று ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

அம்மாவைப் பற்றி எனக்கு இப்போது சங்கடம் இல்லை. என்னைப் பற்றித்தான். பொய் சொன்னது அவள். அதில் சவாரி செய்தது நான். என் வாயில் பொய் படவில்லை, மேடையில் பேசுகிற வாய் சுத்தமாகவே இருக்கிறது. சாணி அள்ளியது போலவே பொய் சொல்கிற வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டு, நான் பின்சீட்டில் கொள்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் மீன் சோறு சாப்பிட்டுவிட்டு வெளியே நின்றபோது பிள்ளை கேட்டாள்: "அத்தை, நம்ம தெருப் பேரச் சொன்னா என்ன?" நான், பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்றேன். இதைச் சொல்லும்போது அங்கே பெரியவர்கள் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. வள்ளுவருக்கும் காண்டுக்கும் பதில் தேட முடிகிறது. இவளுக்கு முடியவில்லை. டிரைவரிடம் நாங்கள் சொன்ன பொய் அவனோடு போய்விடும். இவள் காதில் விழுந்தது என்னவென்றால், நம் தெரு வெளியே சொல்லக் கூடாத தெரு. குற்றமில்லாத நன்மை என்கிறாரே வள்ளுவர், அந்தக் 'குற்றமில்லாத' என்ற இடத்தில் இந்தப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள்.

அஸ்தமனம் வரை இருக்கவில்லை, பையனுக்கு ராத்திரி இன்னொரு சவாரி இருந்தது. ஊர் விலக்கு வரும்போது இருட்டிவிட்டது. "இங்கனயே நிப்பாட்டுய்யா, உள்ள வண்டி திரும்பாது" என்றாள் அம்மா. "முட்டுவலியோட எப்படி ஆச்சி நடப்பிய, வீட்லயே விட்டுருதேன்" என்று அவனாகவே ஊருக்குள் திருப்பினான். சொன்னேனே, நல்ல பிள்ளை. கோயில் கோபுர விளக்கு தெரிந்ததும் அந்தப் பக்கம் வளைத்தான்.

"அங்க இல்ல அண்ணே," என்றாள் பிள்ளை. "எங்க வீடு அந்தப் பக்கம். ஓடைக்கு அங்கிட்டு."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான், "ஆமா தம்பி, அந்தப் பக்கம்தான்" என்றேன். காலையில் தயார் பண்ணி வைத்த வாக்கியத்தில் இவ்வளவுதான் வெளியே வந்தது.

வண்டி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பின்னால் எடுத்துத் திருப்பி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டான். அம்மா தானாகவே கதவைப் பிடித்து இறங்கினாள். பணத்தை நீட்டினேன். கையில் வாங்கினான், எண்ணிப் பார்க்கவில்லை. தெருப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக்கொண்டு நின்றன.

"தண்ணி குடிச்சிட்டுப் போறியாய்யா?" என்றாள் அம்மா.

"நேரமாச்சு," என்றான். ஆச்சி இல்லை, அம்மா இல்லை. வெறும் நேரமாச்சு.

வண்டி வெளிச்சம் ஓடையைத் தாண்டும் வரை அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு இன்னொரு சவாரி இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு, சேலை மடிப்பில் ஒட்டியிருந்த கடற்கரை மண்ணை வாசலில் உதறினாள்.