கண்டும் காணாதிருத்தல்

இரண்டு வயதை எட்டும் ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், அடுத்த அறையில் பிஸ்கட் பொதியைப் பிரிக்கும் ஓசை கேட்டால் ஓடி வருகிறது. விளையாட்டு வண்டியை அது உருட்டுவதில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சில்லை மட்டும் நெடுநேரம் சுழற்றிக்கொண்டிருக்கிறது. வானத்தில் விமானம் பறந்தால் விரல் நீட்டிக் காட்டுவதுமில்லை. அயலார் இதைக் காண்கின்றனர். மாமியார் காண்கிறார். விடுமுறைக்கு வந்த, ஆசிரியரான சிற்றப்பாவும் காண்கிறார். எவரும் வாய் திறப்பதில்லை. பெற்றவள் தயங்கித் தயங்கிக் கேட்டாலும், "ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும், இவனுடைய தகப்பனும் அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லிவிடுகின்றனர். இந்த மௌனத்துக்கு நாம் பண்பு என்று பெயரிட்டிருக்கிறோம். அது பண்புதானா?

விரல் நீட்டுவது அற்ப விஷயமன்று. குழந்தை இரு வகையாகச் சுட்டுகிறது. எட்டாத உயரத்திலுள்ள பழத்தைச் சுட்டுவது அதைப் பெறுவதற்காக. காகத்தைச் சுட்டிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்ப்பதோ எதையும் பெறுவதற்காக அன்று. தான் காண்பதை அவளும் காண வேண்டும் என்பதற்காக. பேச்சுப் பிறக்குமுன்னரே மனிதன் மற்றொரு மனிதனோடு உலகைப் பங்கிட்டுக்கொள்ளும் செயல் இது. ஒன்றரை வயதளவில் இந்த இரண்டாவது வகைச் சுட்டல் தோன்றாதிருப்பது, ஓட்டிசம் என்னும் நிலையின் ஆரம்ப அறிகுறிகளுள் முக்கியமான ஒன்று. ஒரு வயதில் மழலையோ கையசைப்போ இல்லாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லேனும் வராமை, 24 மாதத்தில் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறிவிட முடியாது. பிந்திப் பேசத் தொடங்கும் குழந்தைகள் பலர். செவிப்புலன் குறைந்த குழந்தையும் அழைத்தாற் திரும்பாது. ஆகவே காதைப் பரிசோதிப்பது முதல் வேலை. ஆனால் "பொறுத்துப் பார்ப்போம்" என்ற ஒரு வார்த்தையில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மூளை மிக விரைவாக வளரும் ஆண்டுகள் அவை.

(தமிழகத்தில் இந்நிலையை 'மதியிறுக்கம்' என்று வழங்குகின்றனர். அச்சொல் எமக்கு உவப்பாயில்லை. இக்குழந்தைகளின் மதி இறுகியதன்று. அது செல்லும் வழி வேறு.)

மௌனத்துக்குக் காரணம் அச்சமே. அக்காளின் கலியாணம் குழம்பும், வளர்ப்புச் சரியில்லை என்று பழி தாய்மேல் விழும் என்ற அச்சம். இதைக் கிராமத்து அறியாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. விஞ்ஞானத்தின் பெயரால் இதே பழியைச் சுமத்தியவர்கள் உண்டு. தாயின் அன்பு குளிர்ந்துபோனமையே காரணம் என்னும் கொள்கை 1950களிலும் 1960களிலும் மேல்நாட்டு மருத்துவத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு பெரிய நூலே எழுதி அதைப் பரப்பினார். அத்தகைய குழந்தையொன்றின் தந்தையான பேர்னாட் றிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்திருந்தார். 1977இல் வெளிவந்த இரட்டையர் பற்றிய ஆய்வு, பிறப்புவழிக் காரணங்களே பிரதானமானவை என்பதை வலுவாகக் காட்டியது. கோட்பாடு வீழ்ந்தது. பழி மட்டும் வீழவில்லை.

இன்னொரு அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. மொஸ்கோவில் குறுன்யா சுகரேவா என்னும் மருத்துவர் 1925இல் இத்தகைய இயல்புடைய ஆறு சிறுவரை விவரித்து எழுதினார். அவர்கள் சிகிச்சையும் கல்வியும் ஒருங்கே தரும் ஒரு பாடசாலையில் வைத்துப் பராமரிக்கப்பட்டவர்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், நாஜிகளின் ஆட்சியிலிருந்த வியன்னாவில், ஹான்ஸ் அஸ்பேகர் இதே இயல்புகளை விவரித்தார். ஆனால் அந்நகரின் ஸ்பீகல்குறுண்ட் நிலையத்தில் 'பயனற்ற உயிர்கள்' எனக் கணிக்கப்பட்ட 789 குழந்தைகள் மாண்டனர். அஸ்பேகரும் அங்கு குழந்தைகளை அனுப்பினார் என்பதை 2018இல் வெளியான ஆய்வு ஆவணங்களோடு நிறுவியது. இரு நகரங்களிலும் அவதானித்த கண்கள் கூர்மையானவையே. ஆகவே அவதானிப்பதை மட்டும் அறம் என்று புகழ நாம் தயாரில்லை. எதற்காக அவதானிக்கிறோம், அவதானித்த பின் அக்குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்றே கேட்க வேண்டும்.

யாருடைய குழந்தை அவதானிக்கப்படுகிறது என்பதும் அற்பமான கேள்வியன்று. லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தை உலகறியச் செய்தது. அதில் முதலாவது பிள்ளை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டொனால்ட் றிப்பிளெற். அவனுடைய தந்தை ஒரு வழக்கறிஞர். மகனின் இயல்புகளை 33 பக்கக் கடிதமாகத் தட்டெழுதிக் கானருக்கு அனுப்பியவர். தாயின் குடும்பத்தாரிடம் ஊர் வங்கி இருந்தது. மூன்று வயதில் ஒரு நிலையத்தில் விடப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் ஓராண்டளவில் மீட்டுவந்தனர். பின்னாளில் அதே வங்கியில் வேலை பார்த்து, தன்னைத் தானாகவே ஏற்றுக்கொண்ட ஊரில் வாழ்ந்து, 2023இல் 89 வயதில் அவர் காலமானார். தம்மிடம் வந்த பெற்றோர் யாவரும் படித்தவர்களாய் இருப்பதைக் கானர் வியப்போடு குறிப்பிட்டார். வியக்க என்ன இருக்கிறது? படித்தவர்களும் பணமுள்ளவர்களுமே பல்டிமோரில் இருந்த அவருடைய கதவுவரை வந்து சேர்ந்தனர். பஞ்சுத் தோட்டத்துக் கூலியின் பிள்ளைக்கு 33 பக்கம் எழுத யார் இருந்தார்?

எமது நாட்டில் அந்தக் கடிதத்தை எழுத வேண்டியது அரசின் சுகாதார சேவையே. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியில், குடும்பநல மருத்துவிச்சி வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு எமக்கு உண்டு. இத்தகைய பாக்கியம் இல்லாத நாடுகள் அநேகம். அரைநகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருப்பதாகக் கண்டது. மேல்நாட்டு வினாக்கொத்தைத் தாய்மாரிடம் கேட்டு நிரப்பியபோது அக்குழந்தைகளுட் பெரும்பாலோர் அதில் அகப்படவில்லை என்பதும் அதே ஆய்வு சொல்லும் செய்தி. தாய் பொய் சொன்னாள் என்று நாம் கருதவில்லை. பழிக்கு அஞ்சுபவளிடம் வினாத்தாளை நீட்டினால் வேறென்ன விடை வரும்?

மலையகத் தோட்டங்களில் தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கிறாள். பகல் முழுவதும் ஒரே வயதுக் குழந்தைகள் பலரை அருகருகே வைத்துப் பார்க்கும் பெண் அங்கே இருக்கிறாள். எது வழமை, எது வேறு என்று அவளுடைய கண்ணுக்குத் தெரியும். அவளுக்கு முறையான பயிற்சி தரலாம். பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தை வரும் நாளில் ஊசியோடு அனுப்பிவிடாமல் பத்து நிமிடம் அதனோடு விளையாடிப் பார்க்கலாம். ஐயமேற்பட்டால் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் அனுப்பலாம். ஆனால் அங்கே தமிழிற் பேசும் சிகிச்சையாளர் வேண்டும். பேசக் கற்கும் குழந்தைக்கு வீட்டில் வழங்காத மொழியிற் சிகிச்சையளிப்பது வெறும் கேலி. தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் இன்றும் மிகச் சிலரே. அவர்களைப் பயிற்றி மாவட்ட வைத்தியசாலைகளில் நியமிக்குமாறு கேட்பதை, ஆசிரியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் தமது கோரிக்கைப் பட்டியலிற் சேர்த்துக்கொள்வதற்குத் தடை எதுவும் இல்லை.