எழுதியவர் அறியாத வாசகர்

1620 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் வட அமெரிக்காவின் பிளிமத் கரையில் குடியேறியபோது அங்கே முன்பே ஓர் ஊர் இருந்தது. பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் பட்டுக்ஸெட். திருத்திய வயல்கள் கிடந்தன; உழைத்த மனிதர்கள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியரின் வருகையோடு பரவிய கொள்ளைநோய் அவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த வெறுமையை இறைவனின் ஏற்பாடு என்றே வந்தவர்கள் கருதினார்கள். முதல் குளிர்காலத்தில் அவர்களது 102 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டபோதும் அந்த நம்பிக்கை குலையவில்லை. அமெரிக்க இலக்கியத்தின் தொடக்கத்தைத் தேடிப் போகும் நாம் முதலில் நிற்க வேண்டிய இடம் இது. ஒரு சாவை எழுதி வைக்க உற்றார் இருந்தார்கள். இன்னொரு சாவுக்கு இல்லை.

அவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்து குடியேறிய பியூரிட்டன்களும் ஏன் எழுதினார்கள்? அழகுக்காக அல்ல. மீட்புக்குரியவர் யார் என்பதை இறைவன் முன்பே தீர்மானித்துவிட்டான், மனிதனால் அதை அறிய முடியாது என்பது பியூரிட்டன்களின் கொள்கை. அறிய முடியாததை அறியத் துடிக்கும் மனம் எதையும் தற்செயல் என்று விடாது. பயிர் கருகியதும் குழந்தை பிழைத்ததும் கப்பல் தாமதித்ததும் அதற்கு அடையாளங்கள். நாட்குறிப்பும் பிரசங்கமும் ஊர் வரலாறும் இந்தத் தவிப்பிலிருந்து பிறந்தவை. நாடகத்தை ஐயத்தோடு பார்த்த அந்தச் சமூகம் காடு வெட்டி முடியும் முன்பே, 1636இல், ஹார்வர்டு கல்லூரியை நிறுவியது. 1640இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எதுவாயினும் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று 1647இல் மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தை நம்மால் வணங்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் தாமே வாசித்தவர் தாமே சிந்திக்கவும் தொடங்குவார். அப்படிச் சிந்தித்த ராஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் அதே சமூகம் நாடுகடத்தியது. எழுத்தைத் திறந்துவிட்டு அதன் பொருளை மட்டும் பூட்டி வைக்க முயன்றதே அவர்களுடைய ஆழ்ந்த முரண்.

பூட்டு நிலைக்கவில்லை. பிளிமத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் 1630இல் எழுதத் தொடங்கிய வரலாறு, இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு ஓடியவர்களின் கதை. அந்தக் கையெழுத்துப் பிரதி காணாமற்போய்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகப்பட்ட இடம், அதே திருச்சபையைச் சேர்ந்த லண்டன் ஆயரின் நூலகம். 1856இல்தான் அது முழுமையாக அச்சேறியது. மாசசூசெட்ஸில் குடியேறிய ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள் அவர் அறியாமலே 1650இல் லண்டனில் நூலாயின. திருவிருந்துக்கு முன் தன் நெஞ்சை ஆயத்தப்படுத்த எட்வர்ட் டெய்லர் என்ற குருவானவர் பல பத்தாண்டுகள் எழுதிய கவிதைகள், அவர் 1729இல் இறந்து இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், 1937இல் யேல் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

இறைவன் ஒருவனுக்கே கணக்கு ஒப்புவிப்பதாக எண்ணி எழுதியவர்களின் ஏடுகள், அவர்களுடைய நம்பிக்கையைப் பகிராத, அவர்களுடைய அச்சத்தை உணராத, அவர்கள் கற்பனையிலும் கண்டிராத மனிதர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்து, அவர்கள் வேண்டாத கேள்விகளுக்கும் விடை சொல்ல நேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, எழுத்து எழுதியவரின் உடைமையாக இருப்பது அவர் எழுதும் பொழுது வரையில்தான் என்பதும், அதன்பின் அது யாருக்குத் தேவையோ அவர்களைத் தேடிப் போகிறது என்பதும் நமக்குப் புலப்படுகின்றன.

இதை முழுமையாக உணர்த்துவது ஜான் எலியட் என்ற பியூரிட்டன் குருவானவரின் பைபிள். பூர்வகுடிகளைக் கிறிஸ்தவர்களாக்கவும், அவர்களுடைய பழைய வாழ்முறையை விடச் செய்யவும், வாம்பனோவாக் மக்களும் பேசிய அவர்கள் மொழியிலேயே அவர் பெயர்த்த நூல் அது; 1663இல் வெளிவந்தது. அமெரிக்க மண்ணில் அச்சான முதல் முழு பைபிள் ஆங்கிலத்தில் இல்லை. அதற்கு அச்சுக்கோத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரிண்டர் என்ற நிப்மக் பூர்வகுடி இளைஞர். 1675இல் வாம்பனோவாக் தலைவர் மெட்டாகாமெட்டின் தலைமையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் போர் மூண்டபோது, மதம் மாறியிருந்த பூர்வகுடிகளையும் காலனி அரசு நம்பவில்லை. பாஸ்டன் துறைமுகத்துத் தீவொன்றில் அவர்களைக் குளிரிலும் பசியிலும் அடைத்து வைத்தது, பலர் மாண்டனர். அந்த பைபிளின் படிகளும் ஏராளமாக அழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மொழியைப் பேச ஆளில்லாமற் போயிற்று.

1990களில் ஜெசி லிட்டில் டோ பெயர்ட் என்ற வாம்பனோவாக் பெண்மணி மொழியியல் கற்று, தம் மக்களின் மொழியை மீட்க முனைந்தார். எலியட்டின் பைபிள் அவருக்குப் பெருந்துணையானது. ஒரு மக்களின் வாழ்முறையைக் கலைக்க அச்சான நூலிலிருந்து அவர்களுடைய இலக்கணமும் சொல்வளமும் திரும்ப எடுக்கப்பட்டன. தம் மகளை அம்மொழியிலேயே பேசி வளர்த்தார் அவர். எலியட்டுக்கு இதில் உரிய நன்றி எவ்வளவு, பழி எவ்வளவு என்று பிரித்தளக்க நம்மால் ஆகாது. இரண்டையும் சேர்த்தே தாங்க வேண்டியிருக்கிறது.

பெயர்டுக்கு உதவியது பைபிள் மட்டுமல்ல. எலியட்டின் காலத்திலிருந்தே எழுதக் கற்ற வாம்பனோவாக் மக்கள் தங்கள் மொழியில் நிலப் பத்திரங்களும் கடிதங்களும் உயில்களும் விண்ணப்பங்களும் எழுதி வைத்தார்கள். அவை கலைப்படைப்புகள் அல்ல என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பியூரிட்டனின் நாட்குறிப்பும் கலைக்காக எழுதப்பட்டதன்று. அதை இலக்கியத்தின் தொடக்கம் என்று ஏற்கும் நாம், அதே மண்ணில் தன் நிலத்துக்காக முறையிட்டு ஒருவர் எழுதிய விண்ணப்பத்தை எந்த நியாயத்தின்படி வெளியே நிறுத்துகிறோம்?